கிட்டப்பாவின் குரலும் இசைத்தட்டின் வேகமும்

நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லாத காலம் ஒன்று இருந்தது. கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமானால், நடிகரின் குரலே அத்தனை தொலைவும் சென்று சேர வேண்டும். அக்காலத்தில் தமிழ் நாடக மேடையில் புகழ் பெற்று விளங்கியவர் எஸ். ஜி. கிட்டப்பா.

அவர் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். தந்தையார் கங்காதர ஐயர். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். குடும்பத்தின் வறுமையால் பள்ளியில் முறையாகப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிறு வயதிலேயே உடன்பிறந்தாருடன் நாடக மேடை ஏறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவிலும், பின்னர்க் கன்னையாவின் குழுவிலும் நடித்தார். உச்ச சுருதியில் தடையின்றி ஓடும் குரலும், விரைந்து உருளும் பிருகாக்களும் அவருடைய தனிச் சிறப்புகள்.

இலங்கையில் நாடகம் நடத்தச் சென்றபோது கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடித்தார். இருவரும் 1927இல் மணம் புரிந்துகொண்டனர். ஆனால் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தம் 27ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் அன்றுமுதல் வெண்ணிற ஆடையே உடுத்தி வாழ்ந்தார்.

தமிழ்ப் பேசும்படம் 1931இல்தான் தோன்றியது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே, அவருடைய கலைக்கு இன்று எஞ்சியுள்ள நேரடிச் சான்று அவர் பாடிய இசைத்தட்டுகளே.

அக்காலத்து இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனது. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். தட்டிலுள்ள நுண்ணிய பள்ளத்தின் வளைவுகளுக்கேற்ப ஊசி அதிர்வதால் ஒலி எழுகிறது. தட்டு விரைந்து சுழன்றால் ஊசியும் விரைந்து அதிரும், சுருதி உயரும். மெதுவாகச் சுழன்றால் சுருதி தாழும்.

78 சுற்றுக்குப் பதிலாக 83 சுற்று ஓடினால், ஐந்து கட்டையில் பாடிய பாட்டு ஏறத்தாழ ஐந்தரைக் கட்டையில் கேட்கும். காலப்பிரமாணமும் விரையும், குரலின் இயல்பும் மாறும். பிற்கால நீள்தட்டுக்கு உரிய 33⅓ சுற்றில் அதே தட்டை ஓட்டினால், குரல் ஒரு தாயிக்கும் கீழே இறங்கி, மூன்று நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் இழுபடும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கருவியில் வில் தளர்ந்தால், பாட்டின் நடுவிலேயே சுருதி இறங்கிவிடும்.

பிற பாடகருக்கு இது சிறு குறையாக இருக்கலாம். உச்ச சுருதிக்கே பெயர் பெற்ற கிட்டப்பாவுக்கோ இது பெருங்குறை. வேகம் குறைந்தால் அவருடைய புகழ் மிகையெனத் தோன்றும். வேகம் மிகுந்தால் அவர் பாடாத சுருதி அவருடையதாகிவிடும். பதிவில் ஆர்மோனியம் ஒலித்தால், அதன் சுரம் உண்மையைக் கண்டறிய உதவும். அதன் கட்டைகள் சுருதி மாறாதவை. அச்சுரம் இரு கட்டைகளுக்கு இடையே விழுந்தால், தட்டின் வேகம் பிழையோ என ஐயுறலாம்.

இன்று கிட்வாய் நகரில் வாழும் ஒரு சிறுமியும் கைப்பேசியில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கலாம். அவள் கேட்பது கிட்டப்பா பாடிய சுருதிதானா என்பது, அத்தட்டை ஓட்டிப் பதிவு செய்தவரின் கவனத்தைப் பொறுத்தது.

சொற்பொருள்
பிருகா – விரைவான சுர உருட்டு
தாயி – ஏழு சுரங்கள் கொண்ட ஒலி எல்லை
காலப்பிரமாணம் – பாட்டின் நடை வேகம்

பயிற்சி
1. கிட்டப்பாவின் கலைக்கு இசைத்தட்டுகளே நேரடிச் சான்றாக இருப்பது ஏன்?
2. தட்டின் வேகம் கூடினால் பாட்டில் உண்டாகும் மாற்றங்கள் யாவை?
3. சரியான வேகத்தைக் கண்டறிய ஆர்மோனியம் எவ்வாறு உதவுகிறது?