நாகாலாந்து பாப்டிஸ்ட் ஆனது எப்படி? கப்பலில் சபை மாறிய அடோனிராம் ஜட்சனின் கதை

நாகாலாந்துக்கு ஹார்ன்பில் திருவிழா பார்க்கப் போய் வந்த நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே அடங்கிக் கிடக்கும் என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் சுமார் 88 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட் சபையினர். இந்தியாவை ஆண்டதோ ஆங்கிலேயர்கள். அவர்களின் அரசு சபை ஆங்கிலிக்கன். அப்படின்னா இத்தனை பாப்டிஸ்ட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

அந்தப் பதிலின் ஒரு முனை 1812-ல் கல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கப்பலில் இருக்கிறது. அதில் 23 வயது இளைஞர் ஒருவர், தான் வேலைக்கு எடுக்கப்பட்ட காரணத்தையே சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார்.

முதலில், பாப்டிஸ்ட் என்றால் யார்?

கத்தோலிக்க சபையிலும் சிஎஸ்ஐ சபையிலும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். நண்பர்கள் வீட்டில் அந்த விருந்துக்கு நீங்களும் போயிருக்கலாம். பாப்டிஸ்ட்கள் இதை ஏற்பதில்லை. விசுவாசம் என்பது ஒருவர் தானாக யோசித்து, தன் வாயால் அறிக்கையிட வேண்டியது. குழந்தையால் அது முடியாது என்பது அவர்கள் வாதம். அதனால் வயது வந்து, புரிந்து, கேட்டு வருபவருக்கு மட்டுமே ஞானஸ்நானம். அதுவும் தெளிப்பது இல்லை, தண்ணீரில் முழுக்குவது. பாப்டிஸ்ட் வீட்டில் பிறந்த பிள்ளைகூட பிறப்பால் பாப்டிஸ்ட் ஆகிவிடுவதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால், இவ்வளவு தண்ணீரா அவ்வளவு தண்ணீரா என்கிற சண்டை போலத்தான் தெரியும். ஜட்சனுக்கு அது வேலையையும் சம்பளத்தையும் கேட்டது. கொஞ்ச நாள் வீட்டு நிம்மதியையும்.

போதகர் வீட்டுப் பிள்ளை

அடோனிராம் ஜட்சன் 1788-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா காங்கிரிகேஷனல் சபைப் போதகர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை அது. பையன் படிப்பில் சூரன். 1807-ல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் வகுப்பின் முதல் மாணவனாக வெளியே வந்தார். வரும்போது அப்பாவின் விசுவாசத்தைக் கைவிட்டிருந்தார். கல்லூரியில் கிடைத்த ஜேக்கப் ஈம்ஸ் என்ற நண்பர், கடவுள் உலகைப் படைத்ததோடு சரி, மனிதர் விஷயத்தில் தலையிடுவதில்லை என்று நம்புகிறவர். அவரோடு பேசிப் பேசி ஜட்சனும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்து நடந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஜட்சன் ஒரு இரவு வழியில் ஒரு விடுதியில் தங்கினார். பக்கத்து அறையில் ஒருவர் சாகக் கிடந்தார். இரவெல்லாம் முனகல் சத்தம். காலையில் விசாரித்தால் அவர் இறந்துவிட்டார், இறந்தது ஈம்ஸ். கேட்க சினிமா காட்சி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஜட்சன் உடனே மனம் திரும்பிவிடவில்லை. குழப்பத்தோடுதான் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். 1808 இறுதியில்தான் விசுவாசத்துக்குத் திரும்பினார்.

வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் அனுப்ப அமெரிக்காவில் அப்போது அமைப்பே இல்லை. ஜட்சனும் நண்பர்களும் கேட்டதால் 1810-ல் காங்கிரிகேஷனல் சபையினர் ஒன்றைத் தொடங்கினார்கள். 1812 பிப்ரவரி 5-ல் ஆன் ஹாசெல்டைனுடன் கல்யாணம், மறுநாள் போதகர் பட்டம், இரண்டு வாரத்தில் கேரவன் என்ற கப்பல்.

கப்பலில் என்ன நடந்தது?

செராம்பூரில் இருந்த வில்லியம் கேரி ஆங்கிலேய பாப்டிஸ்ட். அவரிடம் போய் இறங்கப் போகிறோம், ஞானஸ்நானம் பற்றி வாதம் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று ஜட்சன் கப்பலிலேயே தயாராக ஆரம்பித்தார். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது: நாளை ஒருவர் மதம் மாறினால், அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன செய்வது? எதிர்தரப்பை மடக்க கிரேக்க வேதாகமத்தைப் புரட்டியவர், கடைசியில் எதிர்தரப்பு சொல்வதே சரி என்ற முடிவை நெருங்கிவிட்டார். மூலச் சொல்லுக்கே முழுக்குதல் என்றுதான் பொருள் என்று அவருக்குப் பட்டது.

ஆன் பயந்துபோனார். கணவர் பாப்டிஸ்ட் ஆனாலும் தான் ஆகப்போவதில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டார். கல்கத்தா வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் இதே பேச்சு. ஆனால் ஆன் வெறுமனே மறுத்துக்கொண்டிருக்கவில்லை. பழைய நம்பிக்கையைக் காப்பாற்றும் எண்ணத்தோடு தானும் உட்கார்ந்து படித்தார். வாரக்கணக்கில் படித்த பிறகு அவரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கணவர் பின்னால் போனார் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை.

1812 செப்டம்பர் 6-ல் கல்கத்தா லால்பஜார் ஆலயத்தில் கேரியின் சக ஊழியர் வில்லியம் வார்ட் இருவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். வேறு கப்பலில் வந்த நண்பர் லூத்தர் ரைஸும் இரண்டு மாதத்தில் அதே முடிவுக்கு வந்தார்.

அனுப்பிய அமைப்புக்கு ஜட்சன் ராஜினாமா எழுதினார். கடிதம் அமெரிக்கா போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். அங்கிருந்த பாப்டிஸ்ட்களிடம் இவர்களைத் தாங்க நாடு தழுவிய அமைப்பு எதுவும் கிடையாது. கிழக்கிந்திய கம்பெனியோ நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் இறங்கியிருந்த நேரம் அது. மொரீஷியஸ் போனார்கள், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஆட்சிதான், எந்த நேரமும் நாடு கடத்தலாம். துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்தது ரங்கூன் போகும் ஜார்ஜியானா என்ற கப்பல் ஒன்றே. கர்ப்பிணியான ஆனுடன் ஜட்சன் அதில் ஏறினார். குழந்தை நடுக்கடலில் இறந்தே பிறந்தது.

அமெரிக்கா திரும்பிய ரைஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1814-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க பாப்டிஸ்ட்கள் முதன்முறையாக நாடு தழுவிய ஊழிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் ஆட்கள்தான் பர்மாவிலிருந்து 1836-ல் அசாமின் சாதியாவுக்கு அச்சு இயந்திரத்தோடு வந்தார்கள். 1846-ல் சிப்சாகரில் அசாமிய மொழியின் முதல் பத்திரிகையான அருணோதயைத் தொடங்கியதும் அவர்களே. 1870-களின் தொடக்கத்தில் கோதுலா என்ற அசாமியரும், அவரைத் தொடர்ந்து எட்வர்ட் கிளார்க்கும் நாகா மலை ஏறினார்கள்.

பர்மாவில் மிஞ்சியது என்ன?

ரங்கூனில் முதல் ஆறு வருஷம் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஜட்சன் மொழியைப் படித்தார். பிறகு வழிப்போக்கர் வந்து உட்காரும் நம் ஊர்ச் சாவடி போன்ற ஒன்றைக் கட்டி, வருகிறவர்களோடு பேச ஆரம்பித்தார். 1819 ஜூன் 27-ல் மவுங் நாவ் முதல் ஞானஸ்நானம் பெற்றார்.

1824-ல் ஆங்கிலேய - பர்மியப் போர் வந்தது. வெள்ளைக்காரர் என்பதால் உளவாளி என்று சந்தேகப்பட்டு ஜட்சனைச் சிறையில் போட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் விலங்கு. ஆன் அதிகாரிகள் வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்தார். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். போர் முடிந்தபோது சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக ஜட்சனே தேவைப்பட்டார். அந்த 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும்.

ஜட்சன் உடைந்துபோனார். பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தைத் துறந்தார். காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார்; தனக்கே ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊழியரின் வெற்றிக்கதை என்று சுருக்கிச் சொல்பவர்கள் இந்த வருஷங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் விசுவாசம் தானாகத் தேடி அடைய வேண்டியது என்று வேலையை விட்டவருக்கு, தேடியது கையில் இல்லாமல் போன காலம் இதுதான். மெதுவாகத்தான் மீண்டார். 1834-ல் பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார்.

அதே ஆண்டு சாரா போர்ட்மனை மணந்தார். அவரும் 1845-ல் இறந்தார். மூன்றாவதாக மணந்தது எழுத்தாளர் எமிலி சப்பக்கை. 1850-ல் உடல் மோசமானபோது, கடல் காற்று உதவும் என்று மௌல்மேனிலிருந்து கப்பலேற்றினார்கள். ஏப்ரல் 12-ல் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள். கரையில் இருந்த எமிலிக்குச் செய்தி வந்து சேர நான்கு மாதம் ஆனது.