விபுலானந்த அடிகளார்: விஞ்ஞானமும் தமிழும் தொண்டும்

திருஞானசம்பந்தப் பெருமானின் பாடல் பெற்ற கோணமாமலையின் அடிவாரத்திலே வாழும் பேறு பெற்றவர்கள் நாம். நம் கோணேசப் பெருமான்மீது சம்பந்தர் அருளிய திருப்பதிகம் புறநீர்மை என்னும் பண்ணில் அமைந்தது. இக்காலத்து ஓதுவார்கள் அதனைப் பூபாள இராகத்திற் பாடக் கேட்கின்றோம். சம்பந்தருடன் தலந்தோறும் சென்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிசைத்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அந்த யாழ் எப்படி இருந்தது? அதற்கு நரம்புகள் எத்தனை? அதிலே பண் எவ்வாறு பிறந்தது? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்லார் பல நூற்றாண்டுகளாக அரியராயினர். யாழ் என்பது ஏட்டிலே எஞ்சிய ஒரு சொல்லாகிவிட்டது.

அவ்விடையைத் தேடுவதற்குப் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டவர், இரசாயனமும் பௌதிகமும் கற்பித்த ஓர் ஆசிரியர். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய ஒரு துறவி. அவரே நம் கீழ்மாகாணம் பெற்றெடுத்த அருட்டிரு விபுலானந்த அடிகளார். அவர் பெயரை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் அவர் வாழ்ந்த வாழ்க்கையின் ஒழுங்கை இளைஞராகிய உறுப்பினர்கள் ஆழ்ந்து நோக்கவேண்டும் என்னும் கருத்தினால் இம்மலரில் அதனைச் சுருக்கி எழுதுகின்றோம். பெரியோர்கள் குறையிருப்பிற் பொறுத்தருள்வாராக.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றி வெளியிட்டார். அந்நூலின் ஒரு பகுதிக்குப் பொருள் காணும் பணி பிற்காலத்தில் இக்குழந்தைக்கு உரியதாகும் என்று அன்று யார் அறிவார்?

ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் பயின்ற மயில்வாகனன், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். ஆசிரியராகித் தம் கல்லூரியிலேயே கற்பித்தார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அந்த 1916ஆம் ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார்.

இவ்விடத்திலே நாம் சற்று நிற்றல் வேண்டும். ஆய்வுகூடத்திலே அமிலமும் காரமும் அளந்த அதே கை, இரவிலே இலக்கண நூலையும் சங்க நூலையும் புரட்டியது. விஞ்ஞானம் படிப்பவனுக்குத் தமிழ் வேண்டாம் என்றும், பண்டிதருக்கு விஞ்ஞானம் எட்டாது என்றும் இரு சாராரும் எண்ணியிருந்த காலம் அது. இன்றும் அவ்வெண்ணம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். நமது வாசிகசாலைகளிலே விஞ்ஞான நூல்கள் ஓர் அலுமாரியிலும், இலக்கிய நூல்கள் மற்றோர் அலுமாரியிலும், பெரியோர் வரலாறுகள் வேறோர் அலுமாரியிலும் இருக்கின்றன. ஓர் அலுமாரியைத் திறக்கும் இளைஞன் அடுத்ததைத் திறப்பதில்லை. பரீட்சைக்கு உரியது எதுவோ அதனோடு அவன் படிப்பு முடிந்துவிடுகின்றது. மயில்வாகனனார் மூன்றையும் திறந்தவர்.

யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் 1917 முதல் விஞ்ஞான ஆசிரியராயிருந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். முப்பது வயது நிரம்புமுன் இத்தனை சிறப்பும் கைகூடிய ஒருவருக்கு உத்தியோகமும் செல்வமும் வாசலிலே காத்துநின்றன. அவரோ 1922இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் 1924இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவு பூண்டோர் நூலையும் துறப்பதுண்டு. அடிகளார் நூலைத் துறக்கவில்லை. நூலால் வரும் பயனைத் தமக்கென்று கொள்வதையே துறந்தார். மடத்திலே இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய ஏடுகளின் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். விவேகானந்த சுவாமிகளின் கருமயோகம், ஞானயோகம் முதலியவற்றைத் தமிழாக்கினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்திலே நாடகத் தமிழ் பற்றி ஆற்றிய உரையை விரித்து, மதங்கசூளாமணி என்னும் நூலாக 1926இல் வெளியிட்டார். சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தையும், சிலப்பதிகாரம் காட்டும் கூத்தியல்பையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த நூல் அது. ஆங்கிலம் படித்தவனுக்கு மட்டும் கிடைத்ததைத் தமிழ் மட்டும் படித்தவனுக்கும் கொடுக்கவேண்டும் என்னும் வேட்கையை அந்நூலிலே காணலாம்.

இனி நம் ஊர்க்கதைக்கு வருவோம். 1897இல் தோன்றிய திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் 1925இல் ஏற்றது. இலங்கைக்குத் திரும்பிய அடிகளார் அதன் முகாமையாளரானார். சில காலம் அதிபர் பொறுப்பையும் தாமே தாங்கினார். மட்டக்களப்பிலே கல்லடி உப்போடையில், தம் குருநாதர் பெயரால் அமைத்த சிவானந்த வித்தியாலயம் 1929இல் தொடங்கியது. கீழ்மாகாணத்துக் கிராமங்களிலே மிஷன் பாடசாலைகள் பல அவர் மேற்பார்வையில் வளர்ந்தன. துறைமுகத்திலே பிரித்தானியரின் போர்க்கப்பல்கள் நின்ற அந்நாளில், உயர்கல்வி விரும்பும் பிள்ளை பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிமாரின் கல்லூரியையே நாடவேண்டியிருந்தது. அக்கல்லூரிகளிலேயே தாம் கற்றதையும் கற்பித்ததையும் அடிகளார் மறந்தவரல்லர். அவர்களைப் பழித்துக் காலம் போக்காமல், அத்தகைய கல்வியைச் சைவச் சூழலிலே தமிழ்ப் பிள்ளைகளுக்கு அளிக்கும் வேலையிலே முனைந்தார். தலைமை என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் நாம் காணவில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. சென்றார். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்திலே, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். பேராசிரியர் வகுப்பும் சேரிப்பள்ளியும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. 1933இல் அப்பதவியையும் விட்டுத் திரும்பினார்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிப்பதற்குச் சொல் இல்லை என்று பலர் கைவிரித்த காலத்தில், சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சி தொடங்கியது. 1936இல் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். ஏறக்குறையப் பத்தாயிரம் சொற்கள் கொண்ட கலைச்சொல் நூல் 1938இல் வெளிவந்தது. ஒருவன் இரசாயனமும் இலக்கணமும் ஒருங்கே அறிந்தாலன்றி இத்தகைய பணியை நெறிப்படுத்தல் இயலாது. பின்னாளில் இலங்கையிலே தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தோர் எத்தனை பேர்! தமிழால் இது முடியும் என்று முன்னமே துணிந்தோருள் அடிகளாரும் ஒருவர்.

1939 முதல் இரண்டாண்டுகள் இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை பணிகளுக்கும் இடையே, கிடைத்த நேரத்திலெல்லாம் வளர்ந்ததே யாழ்நூல்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் இலக்கணம் கூறும் அடிகள் இருபத்தைந்து. அவற்றின் விரிவுரையாகவே யாழ்நூல் எழுந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்தசாகரம் வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு வழி திறந்திருந்தார். அடிகளார் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டு மேலே நடந்தார். ஒரு நரம்பைப் பாதி நீளமாக்கினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு ஐந்தாவதாகிய இளி ஒலிக்கும். இது எந்தப் பாடசாலை மாணவனும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டிச் சோதிக்கக்கூடியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று இளங்கோவடிகள் காலத்தார் வழங்கிய ஏழு நரம்புகளையும் இவ்வாறு அளவிட்டுக் கணக்கிட்டார். பழைய யாழ்வகைகளின் உருவத்தையும் ஆராய்ந்து வரைந்தார். தேவாரப் பண்களுக்குத் தனியே ஓர் இயல் வகுத்தார். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலவற்றில் அவரோடு வேறுபடலாம். அளந்து சொன்ன கருத்தோடுதானே வேறுபடவும் முடியும்!

கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பித்த யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. சம்பந்தர் பாடிய அத்தலத்திலே, அடிகளார் கணக்கின்படி செய்த யாழ்களின் ஓசையைச் சபையோர் கேட்டனர். உடல் மிகவும் நலிந்திருந்த அடிகளார் அதனைக் கண்டுவிட்டு நாடு திரும்பினார். ஜூலை 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்தைந்து. அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு வாரமே கழிந்திருந்தது. சிவானந்த வித்தியாலய வளவிலே அவர் சமாதி கொண்டார்.

அவருக்கு இன்னும் பத்தாண்டு கிடைத்திருந்தால் எத்தனை நூல்கள் வந்திருக்கும் என்று பெரியோர்கள் ஏங்குவதுண்டு. பாடசாலைக் கணக்கும் ஆசிரியர் நியமனமும் அவர் நேரத்தை விழுங்கின என்பாரும் உளர். அது உண்மையே. நூல் எழுதுவதற்கு உரிய நாள்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அந்நூல்களை இழந்தோம், அப்பிள்ளைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நாமாக இருக்கின்றோம். அவர் நட்டம் எதுவோ அதுவே நமக்கு முதல். அந்த முதலை வைத்து நாம் என்ன செய்தோம் என்னும் கேள்விக்கு ஆண்டுதோறும் பூமாலை சாத்துவது விடையாகாது.

ஆதலின் இளைஞர்களுக்கு நாம் வேண்டுவது சிறியதொன்றே. நம் வாசிகசாலையிலே வழக்கமாகத் திறக்கும் அலுமாரியை விட்டு, இவ்வாண்டு மற்றோர் அலுமாரியையும் திறவுங்கள். விஞ்ஞானம் பயில்பவர் ஒரு தமிழ் நூலையும், தமிழ் பயில்பவர் ஒரு விஞ்ஞான நூலையும் முற்றாகப் படியுங்கள். படித்ததை அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு விளங்கச் சொல்லுங்கள். பெரியோர்கள் நம் வீட்டுச் சிறுவருக்குக் கோணேசர் பதிகத்தையும், அது புறநீர்மைப் பண் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அடிகளாருக்கு நாம் எடுக்கும் குருபூசை அதுவேயாகும்.