கடலை நீந்திக் கடந்த வக்கீல்

தாம்பரம் ரயில் நிலையத்தை அறியாதவர்கள் இல்லை.

அந்தக் காலத்தில் சென்னை எழும்பூரில் இருந்து போட் மெயில் என்ற ரயில் புறப்படும். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும். பாம்பன் பாலத்தைத் தாண்டும். தனுஷ்கோடியில் போய் நிற்கும். அங்கே பயணிகள் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். கடலைக் கடந்து, இலங்கையில் உள்ள தலைமன்னாரில் கரை இறங்குவார்கள்.

1914-ம் ஆண்டு தொடங்கிய பயணம் இது. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரும் புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. ரயில் பாதையைக் கடல் கொண்டு போயிற்று.

புயல் அடித்து ஒன்றரை ஆண்டு கூட ஆகவில்லை. அதே கடலில் ஒரு மனிதர் குதித்தார். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியே வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் மிகிர் சென். தொழில், வக்கீல்.

அவர் பிறவி நீச்சல் வீரர் அல்ல. 20 வயதுக்கு மேல்தான் முறையாக நீந்தக் கற்றார். அப்படிப்பட்டவர் எப்படி உலகம் வியக்கும் வீரர் ஆனார்? அதுதான் அவருடைய கதை.

முட்டை விற்ற தாய்

மிகிர் சென் 1930-ம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி பிறந்தார். ஊர், புருலியா. இப்போது அது மேற்கு வங்காளத்தில் இருக்கிறது.

தந்தை டாக்டர். ஆனாலும் வீட்டில் பணக் கஷ்டம். தாயார் பெயர் லீலாவதி. மகனை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. அதற்காகக் குடும்பம் ஒரிசாவில் உள்ள கட்டாக் நகருக்குக் குடியேறியது. அப்போது மிகிருக்கு வயது 8. தாயார் பாலும் முட்டையும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

மகன் படித்தார். சட்டத்தில் பட்டம் பெற்றார். லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று விரும்பினார். கையில் பணம் இல்லை. பிற்காலத்தில் ஒரிசாவின் முதல்-மந்திரியாக இருந்த பிஜு பட்நாயக் உதவி செய்தார்.

1950-ம் ஆண்டு மிகிர் சென் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மூன்றாம் வகுப்பு டிக்கெட். ஒரு பெட்டி. 10 பவுண்டு பணம். அவ்வளவுதான் அவருடைய சொத்து.

லண்டனில் பகலில் படிப்பு. இரவில் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் வேலை. பிறகு இந்திய ஹைகமிஷனர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

பத்திரிகையில் வந்த செய்தி

ஒரு நாள் அவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்தார். புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய கட்டுரை அது. அந்தப் பெண் 1950-ம் ஆண்டு பிரான்சில் இருந்து இங்கிலாந்துக்கு நீந்திச் சென்றவர்.

அந்த இரு நாடுகளுக்கும் நடுவே உள்ள கடலுக்கு இங்கிலீஷ் கால்வாய் என்று பெயர். பெயர்தான் கால்வாய். மிகக் குறுகிய இடத்திலேயே அதன் அகலம் சுமார் 34 கிலோ மீட்டர்! அதாவது, தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரத்தை விடச் சற்று அதிகம்.

படித்தவர் பலர் வியந்திருப்பார்கள். பத்திரிகையை மடித்து வைத்து விட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். மிகிர் சென் அப்படிப் போகவில்லை. தானும் அந்தக் கடலைக் கடப்பது என்று முடிவு செய்தார். இந்தியர் எவரும் அதுவரை அதைச் செய்தது இல்லை.

ஆனால் அவருக்குச் சரியாக நீந்தத் தெரியாது!

முதல் பாடம்

லண்டனில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்துக்குப் போனார். முதலில் இருந்து பாடம் கற்றார். முகத்தைத் தண்ணீரில் வைத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் முறையைப் பழகினார். கடலைக் கடப்பவர்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் நீந்துவார்கள்.

உடற்பயிற்சியை ஆரம்பிப்பது சுலபம். விடாமல் செய்வதுதான் கஷ்டம். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இன்று மழை, நாளை தலைவலி, மறுநாள் விருந்தாளி. ஒரு வாரம் நின்றால் போதும். பிறகு பயிற்சியே நின்று விடும்.

மிகிர் சென்னுக்கும் சாக்குச் சொல்லக் காரணங்கள் இருந்தன. படிப்பு இருந்தது. வேலை இருந்தது. லண்டன் குளிர் இருந்தது. ஆனால் அவர் கண் முன்னே ஒரு கடலும் இருந்தது. உடம்பை வளர்க்க வேண்டும் என்று பொதுவாக அவர் நீந்தவில்லை. ஓர் இடத்தில் இறங்கி இன்னோர் இடத்தில் ஏற வேண்டும் என்று நீந்தினார். அந்தக் குறிதான் அவரைத் தினமும் தண்ணீருக்கு இழுத்தது.

கடலின் சட்டம்

இங்கிலீஷ் கால்வாயைக் கடப்பது சாதாரண காரியம் அல்ல.

கோடையில் கூட அந்தத் தண்ணீர் குளிரும். நேரம் ஆக ஆக உடம்பின் சூடு குறையும். கை கால் மரத்துப் போகும். அதனால் பயிற்சி செய்பவர்கள் குளிர்ந்த நீரில் முதலில் சிறிது நேரம் இருந்து பழகுவார்கள். பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக் கொண்டே போவார்கள்.

அடுத்த எதிரி, நீரோட்டம். கடல் ஏறும்போதும் வடியும்போதும் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துக் கொண்டு போகும். 34 கிலோ மீட்டர் கடக்க வேண்டியவர் அதை விட அதிகத் தூரம் நீந்த வேண்டி வரும். கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் நெருங்காது!

கூடவே படகு வரும். ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் எல்லாம் வீண். சாப்பாட்டையும் தண்ணீரில் மிதந்தபடியேதான் சாப்பிட வேண்டும்.

மாத்யூ வெப் என்ற ஆங்கிலேயர்தான் இந்தக் கடலை முதன்முதலில் நீந்திக் கடந்தவர். அது 1875-ம் ஆண்டு. அவருக்கு 21 மணி 45 நிமிடம் ஆயிற்று.

தோல்விக்குப் பின் வெற்றி

மிகிர் சென் முதல் முயற்சியிலேயே வென்று விடவில்லை. தோற்றார். மறுபடியும் இறங்கினார். மறுபடியும் தோற்றார்.

இதற்கு நடுவே சட்டப் படிப்பு முடிந்தது. 1954-ம் ஆண்டிலேயே பாரிஸ்டர் ஆகி விட்டார். வந்த வேலை முடிந்தது என்று ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். அவர் பயிற்சியை விடவில்லை.

1958-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி. இங்கிலாந்தில் உள்ள டோவர் கடற்கரையில் இருந்து நீந்தத் தொடங்கினார். 14 மணி 45 நிமிடம் விடாமல் நீந்தினார். பிரான்சு நாட்டின் கலே கரையை அடைந்தார்.

இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 27. 1959-ம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது.

அதே 1959-ம் ஆண்டு செப்டம்பரில் வங்காளத்துப் பெண் ஆரத்தி சாகாவும் அந்தக் கடலைக் கடந்து விட்டார். ஒருவர் திறந்த வழியில் அடுத்தவர் வந்தார்.

தனுஷ்கோடிக் கடல்

மிகிர் சென் நாடு திரும்பினார். கல்கத்தா ஐகோர்ட்டில் வக்கீலாகத் தொழில் நடத்தினார். பெல்லா என்ற இங்கிலாந்துப் பெண்ணை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன.

வசதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 35-வது வயதில் அவர் புதிய குறி ஒன்றை வைத்துக் கொண்டார். ஒரே ஆண்டில் உலகத்தின் பல கடல்களை நீந்திக் கடப்பது என்பதே அது.

அதில் முதலாவது நம் பாக் நீரிணை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோ மீட்டர் கடல். இங்கே குளிர் இல்லை. ஆனால் வேறு ஆபத்துகள் உண்டு. சுறா மீன் உண்டு. கடல் பாம்பு உண்டு. உடம்பைத் தொட்டால் நெருப்பாக எரியும் சொறி மீன் உண்டு. பகலில் வெயில் முதுகைப் பொசுக்கும். உப்புத் தண்ணீரில் நாக்கு வீங்கும்.

செலவுக்குப் பணம் வேண்டும். கல்கத்தா பத்திரிகை ஒன்று ஒரு பங்கு கொடுத்தது. பிரதமர் இந்திரா காந்தியின் உதவியும் கிடைத்தது. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன.

1966-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி தலைமன்னாரில் இறங்கினார். பகல் போயிற்று. இரவு வந்தது. கறுத்த கடலில் கைகள் வீசிக் கொண்டே இருந்தன. பொழுது விடிந்தது. அப்போதும் அவர் நீந்திக் கொண்டுதான் இருந்தார்.

ஏப்ரல் 6-ந் தேதி தனுஷ்கோடி மணலில் கால் வைத்தார். ஆன நேரம் 25 மணி 36 நிமிடம்!

ஒரே ஆண்டில் ஐந்து

அதோடு நிற்கவில்லை.

ஆகஸ்டு 24-ந் தேதி, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை. நேரம் 8 மணி 1 நிமிடம்.

செப்டம்பர் 12-ந் தேதி, துருக்கியில் உள்ள டார்டனெல்ஸ் நீரிணை. 13 மணி 55 நிமிடம்.

செப்டம்பர் 21-ந் தேதி, அதே நாட்டில் உள்ள பாஸ்பரஸ் நீரிணை. 4 மணி நேரம்.

அக்டோபர் 29-ந் தேதி முதல் 31-ந் தேதி வரை, அமெரிக்கக் கண்டத்தில் உள்ள பனாமா கால்வாய். 34 மணி 15 நிமிடம்.

உலகமே வியந்தது. 1967-ம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது.

கடைசிக் காலம்

பிற்காலம் அவருக்குச் சுகமாக இல்லை. வியாபாரத்தில் பெரும் நஷ்டம் வந்தது. நோய் வந்தது. ஞாபக சக்தி போயிற்று. எத்தனையோ பேர் நினைவு வைத்திருந்த வெற்றிகளை அவரே மறந்து போனார். 1997-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.

ஆனால் அவர் வைத்த குறி அவரோடு போகவில்லை. 1994-ம் ஆண்டிலேயே சென்னையைச் சேர்ந்த பள்ளிச் சிறுவன் குற்றாலீசுவரன் அதை எட்டிப் பிடித்தான். ஒரே ஆண்டில் 6 நீரிணைகளைக் கடந்து மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தான். அவன் கடந்த கடல்களில் பாக் நீரிணையும் ஒன்று.

நமக்கு எது கடல்?

எல்லோரும் கடலில் குதிக்க வேண்டியது இல்லை. குதிக்கவும் கூடாது. ஆனால் ஆளுக்கு ஒரு குறி வைத்துக் கொள்ளலாம்.

திருநீர்மலைப் படிகளை நடுவில் உட்காராமல் ஏறுவது ஒருவருக்குக் குறியாக இருக்கலாம். வருகிற கார்த்திகையில் திருவண்ணாமலையை 14 கிலோ மீட்டர் சுற்றி நடப்பது இன்னொருவருக்குக் குறியாக இருக்கலாம். நாளைக் குறித்துக் கொண்டால், இன்று காலை ஏன் எழுந்து நடக்க வேண்டும் என்பது தானே விளங்கும். வீட்டில் இரண்டு பேராகச் சேர்ந்து நடந்தால் ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் எழுப்பி விடுவார். வயதானவர்களும் நோயாளிகளும் டாக்டரைக் கேட்டுக் கொண்டு தொடங்க வேண்டும். முதல் நாளே ஓடக் கூடாது. சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர வேண்டும்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் இருந்து ராமேசுவரத்துக்குப் புதிய ரயிலும் அன்றே விடப்பட்டது. மிகிர் சென் தனுஷ்கோடியில் கரை ஏறியதும் ஓர் ஏப்ரல் 6-ந் தேதிதான்.

அந்த ரயிலில் போகிறவர்கள் பாலத்தின் மேல் இருந்து கடலைப் பார்ப்பார்கள். சரியாக நீந்தத் தெரியாமல் லண்டனுக்குப் போன ஓர் ஏழைப் பையன், பிற்காலத்தில் இந்தப் பக்கத்துக் கடலைத்தான் கைகளால் தள்ளிக் கொண்டு வந்தார் என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம்.