சட்டைக்கும் கணக்குப் பார்த்த ஆடிட்டர்: ஜே.சி.குமரப்பாவின் கதை

அசோக் நகர், கே.கே.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜவுளி என்றாலே தி.நகர்தான். ஆடித் தள்ளுபடி போர்டு தொங்க ஆரம்பித்துவிட்டால் போதும், ஆட்டோ பிடித்து உஸ்மான் ரோட்டில் இறங்கிவிடுவோம். சாயம் போகுமா, சுருங்குமா, இன்னும் கொஞ்சம் குறைப்பீங்களா... எல்லாமே கேட்போம். இதைத் தைத்தவருக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்பதை மட்டும் கேட்க மாட்டோம்.

அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்பே விடாமல் கேட்டவர் ஒரு தஞ்சாவூர்க்காரர். லண்டனில் படித்த ஆடிட்டர். பெயர் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று பிறந்தபோது அவர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித்துறை அதிகாரி. பையன் லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை கற்றுக்கொண்டார், திரும்பி வந்து பம்பாயில் தொழிலை ஆரம்பித்தார். உடுப்பு, பேச்சு, பழக்கம் எல்லாமே அசல் வெள்ளைக்காரத் துரை மாதிரி. அவருக்கு காந்தியும் தெரியாது, கதரும் தெரியாது.

1927-ல் அமெரிக்கா போனதுதான் திருப்பம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் முடித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, பிரிட்டிஷ் அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்பது. ஒரு கம்பெனியின் வரவு செலவைப் பார்ப்பதுபோல ஒரு சாம்ராஜ்யத்தின் வரவு செலவைப் பார்த்தார். கணக்கு எங்கே இடிக்கிறது என்பது புரிந்துபோனது. குடும்பத்தின் பழைய தமிழ்ப் பெயரான குமரப்பாவுக்கு அவர் திரும்பியதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

ஊர் திரும்பியதும் 1929 மே மாதம், ஆய்வுக் கட்டுரையோடு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். காந்தியைப் பார்க்கக் குறித்த நேரம் இன்னும் வரவில்லையே என்று குமரப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தப் பெரியவர்தான் காந்தி என்று தெரிந்ததும், மடிப்புக் கலையாத பட்டுக் கால்சட்டையோடு அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி கொடுத்த முதல் வேலை, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் ஏழ்மையைக் கணக்கெடுப்பது. குஜராத் வித்யாபீட மாணவர்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன விளைகிறது, என்ன மிஞ்சுகிறது, கடன் எவ்வளவு என்று எழுதினார். மேல்நாட்டு உடுப்பு அதன் பிறகு அவருக்கு ஒட்டவில்லை. வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் நடுவில் தானே ஒரு உடையை வடிவமைத்துக்கொண்டார். தோத்திஜாமா என்று அதற்குப் பெயர். கதர்தான், ஆனால் நடக்கவும் வேலை செய்யவும் தோதானது. ஆடிட்டர் மூளை உடை விஷயத்திலும் சும்மா இருக்கவில்லை பாருங்கள்!

தண்டி யாத்திரைக் காலத்தில் காந்தியின் யங் இந்தியா பத்திரிகையில் எழுதினார், அதை நடத்தவும் செய்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவருக்கு வந்தது. வார்தாவின் மகன்வாடியில் செக்கு எண்ணெய், கைத்தாள், தேனீ வளர்ப்பு, தீட்டாத அரிசி என்று ஒவ்வொன்றையும் பரிசோதித்தார்.

அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள ஒரு டப்பா கோகோ போதும். மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய வேலை வாங்கிப் பறித்த கொட்டை. பீரங்கிக் கப்பல்கள் காவல் காத்த கடல்வழியில் பயணம். குறைந்த கூலிக்கு ஆள் வைத்த இங்கிலாந்துத் தொழிற்சாலை. அடிமை நாடு என்பதால் இந்தியாவுக்குள் நுழைய வரிச்சலுகை. அந்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இவை அத்தனைக்கும் பங்காளி ஆகிறார் என்றார் குமரப்பா. விலைச்சீட்டில் இருப்பது பணக் கணக்கு மட்டும்தான், மனிதக் கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும். நியாய வர்த்தகம் என்ற பெயர் உலகத்தில் புழங்குவதற்குப் பல வருஷம் முன்பே இதை அவர் எழுதிவிட்டார்.

அவ்வளவு தூரத்தில் நடப்பது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். தெரிந்துகொள்ள முடிகிற தூரத்துக்குள் வாங்கு என்பது அவருடைய பதில். செய்தவரின் முகம் தெரிந்தால் அவருடைய கூலியும் தெரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 1935-ல் சர்க்கா சங்கம், நூல் நூற்கும் பெண்களுக்குப் பிழைப்புக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று முடிவெடுத்தது. கூலி கூடினால் கதர் விலையும் ஏறத்தானே செய்யும்? விற்பனை படுத்துவிடும் என்ற கவலை எழாமல் இல்லை. ஆனாலும் நூற்பவளின் வயிற்றை ஒட்டவைத்து மலிவுக் கதர் விற்கக் கூடாது என்பதில் காந்தி உறுதியாக இருந்தார்.

1942 போராட்டத்துக்குப் பிறகு மறுபடியும் சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். ஆட்டை அடிக்கும் புலி, தோப்பைச் சூறையாடும் குரங்கு, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, பலன் பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று மனிதர்களின் பொருளாதாரத்தைத் தரம் பிரித்தார். நாம் எந்த ரகம் என்று நம்மையே யோசிக்க வைக்கும் பட்டியல் அது.

சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளின் பக்கம் போனது. குமரப்பா ஒதுங்க வேண்டியதாயிற்று. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அங்கே அவர் அறையில் காந்தி படத்தோடு ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்ததாம். தன் முதலாளிக்கு முதலாளி அவர்தான் என்று வந்தவர்களுக்கு அறிமுகம் செய்வாராம். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்று குமரப்பாவும் மறைந்தார்.

அவர் போட்ட கணக்கு இன்னும் தீரவில்லை. 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, உலகச் சந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொங்கு மண்டலத்திலும் திண்டுக்கல் பக்கமும் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களைச் சேர்த்தன. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டின. காலம் முடியும் முன்பே உடம்பு ஒடிந்து, அந்தத் தொகையைப் பார்க்காமல் வீடு திரும்பிய பெண்கள் பலர். அந்த நூலும் யாரோ ஒருவரின் பனியனில்தான் இருக்கும்.

அதற்காக நாளையே எல்லோரும் ராட்டை வாங்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு எடுக்கும் பத்து உருப்படியில் இரண்டையாவது கோ-ஆப்டெக்ஸிலோ கதர் கடையிலோ எடுக்கலாம். ரெடிமேடுக்குப் பதில் தெருமுனை டெய்லரிடம் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துத் தைக்கலாம். கிழிந்ததைத் தைத்து, இன்னொரு வருஷம் போடலாம். பெரிய கடையில் எடுத்தாலும், இது எந்த ஊரில் தைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். சேல்ஸ்மேனுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் முதலாளி காதுக்குப் போகும்.