பிறப்பை மறைத்த மல்லர் ரிகிடோசான்

மல்யுத்தம் என்றதும் நம் இளைஞர்க்குத் தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கக் கூத்தே நினைவுக்கு வரும். வயதில் மூத்தோர் தாராசிங்கையும் கிங்காங்கையும் சொல்வர். அந்தக் கிங்காங்கை 1955ஆம் ஆண்டு டோக்கியோவில் வென்று ஆசியப் பட்டம் பெற்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினேன். அவர் பெயர் ரிகிடோசான். வெற்றிகளுக்காக மட்டும் நான் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைப் படிப்போர் போகப்போக உணர்வர்.

அவருடைய இயற்பெயர் கிம் சின் ராக். கொரியாவின் வடபகுதியில், ஹாம்கியோங் மாநிலத்தில், 1924ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரியருக்குச் 'சிரும்' என்றொரு பழமையான மற்போர் உண்டு. இடுப்பிலும் தொடையிலும் துணிக்கச்சை கட்டி, மணல் களத்தில் ஒருவர் கச்சையை மற்றவர் பற்றி வீழ்த்துவது அது. இச்சிறுவனும் அதில் தேறியவன். அவன் வலிமையைக் கண்ட ஜப்பானியர் அவனைச் சுமோ மற்போருக்கு அழைத்துச் சென்றனர். 1940ஆம் ஆண்டு நிஷோனோசெகி என்னும் சுமோக் கூடத்தில் சேர்ந்து களம் இறங்கினான். ரிகிடோசான் என்ற பெயர் அங்குக் கிடைத்ததே. வலிமை, நெறி, மலை என்னும் மூன்று சொற்களின் சேர்க்கை அது.

சுமோவில் மல்லர்களின் தரவரிசையை ஒரு தாளில் அச்சிட்டு வெளியிடுவர். ஒவ்வொரு பெயரோடும் அவர் பிறந்த மண்ணின் பெயரும் இருக்கும். தொடக்கத்தில் இவர் பெயரோடு கொரியா என்றிருந்தது. பின்னர் அது நாகசாகி மாவட்டத்து ஓமுரா என்று மாறிவிட்டது. ஓமுரா, அவரைத் தத்தெடுத்துக்கொண்ட மொமோட்டா குடும்பத்தின் ஊர். மொமோட்டா மிட்சுஹிரோ என்பதே அவருடைய சட்டப்படியான பெயராயிற்று.

இவ்விடத்தில் என் சொந்த நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. பணியில் சேர்ந்த புதிதில் வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்தேன். வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார்; பிறகு தெருவைக் கேட்டார். தெருவின் பெயரைச் சொல்லும்போது நான் வேறொரு தெருவைச் சொன்னேன். வீடு கிடைத்தது. அவ்வீட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளும் என் தகப்பனாரை அங்கு வரவேண்டாம் என்று நானே தடுத்திருந்தேன். ஆகவே ரிகிடோசானைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை.

சுமோவில் அவர் 1949ஆம் ஆண்டு செகிவாகே என்னும் நிலையை அடைந்தார். அது மேலிருந்து மூன்றாம் படி. அடுத்த ஆண்டே தம் குடுமியைச் சமையற்கத்தியால் தாமே அறுத்தெறிந்துவிட்டு வெளியேறினார். கூடத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கு என்பர் சிலர். கொரியருக்கு மேற்படி எட்டாது என்று கண்டதனால் என்பர் வேறு சிலர். பிறகு கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார்.

1951ஆம் ஆண்டு பாபி பிரன்ஸ் முதலிய அமெரிக்கத் தொழில்முறை மல்லர்கள் டோக்கியோ வந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் பிரன்ஸோடு மோதிச் சமநிலை கண்டார் ரிகிடோசான். அடுத்த ஆண்டு ஹவாய்த் தீவுக்குச் சென்று ஒகி ஷிகினா என்பவரிடம் பயின்றார். அங்கிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போனார். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்பதே அத்தொழிலின் வாழ்க்கை. சர்க்கஸ் கூடாரத்தாரின் பிழைப்புக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. அதன் முடிவுகள் பெரும்பாலும் முன்பே பேசி வைக்கப்படுபவை என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். ஆயினும் விழும் அடியும் முறியும் எலும்பும் பொய்யல்ல. போர் முடிந்த காலமாதலால் அமெரிக்க மேடைகளில் ஜப்பானிய மல்லன் என்றாலே வஞ்சகன் வேடந்தான். கூட்டத்தின் வெறுப்பே நுழைவுச்சீட்டு விற்கும் சரக்கு என்பதை அவர் அங்குக் கற்றார்.

அதைத் தாய்நாட்டில் என்று எழுதவந்து நிறுத்தினேன். ஜப்பானில் அப்படியே தலைகீழாக்கினார். 1953இல் திரும்பிவந்து ஜப்பான் தொழில்முறை மல்யுத்தச் சங்கத்தை நிறுவினார். 1954 பிப்ரவரி 19ஆம் நாள், ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு இணைந்து, ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து நின்றார். தொலைக்காட்சி ஜப்பானுக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. பெட்டி வாங்க வசதியற்றோர், இரயில் நிலையங்களின் முன்னும் கடைத்தெருக்களிலும் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டனர். வெள்ளையர் இருவரும் முறைதவறி அடிக்க, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரிகிடோசான் கைவிளிம்பால் ஓங்கி வெட்டுவார், அவர்கள் சாய்வார்கள். போரில் தோற்றுக் கூனியிருந்த மக்கள் நிமிர்ந்தனர். தங்கள் மானத்தை மீட்டவன், தாங்கள் இழிவாக எண்ணி ஒதுக்கிய கொரிய இனத்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அறிவர்!

1957இல் உலக வீரர் லூ தெஸ்ஸோடு அறுபது நிமிடம் பொருதிச் சமநிலை கண்டார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அவரை வென்றார். 1963 மே மாதம் டெஸ்ட்ராயர் என்னும் முகமூடி மல்லரோடு நடந்த போட்டியைத் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் நூற்றுக்கு 64 பங்கினர் பார்த்தனர் என்பது கணக்கு. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜயண்ட் பாபாவும் அன்டோனியோ இனோக்கியும் இவர் மாணவர்களே. கொரியாவிலிருந்து அனுமதியின்றி வந்து பிடிபட்ட கிம் இல் என்ற இளைஞரை விடுவித்துச் சேர்த்துக்கொண்டவரும் இவரே. அவருக்கும் ஜப்பானியப் பெயர்தான் சூட்டப்பட்டது.

இவரை உத்தமர் என்று நான் எழுதமாட்டேன். மது அருந்தினால் கை நீளும், மாணவரை வதைப்பார், நிழலுலகத்தாரோடு பழக்கம் இருந்தது. சமநிலையில் முடிப்பதாகப் பேசிய போட்டியில் இவர் உண்மையாகவே தாக்கிவிட்டார் என்று கிமுரா பின்னர்க் குற்றஞ்சாட்டினார்.

ஆனால் ஹரிமோட்டோ என்ற பேஸ்பால் வீரர் பிற்காலத்தில் சொன்ன ஒரு செய்தியை என்னால் மறக்க இயலவில்லை. அவரும் கொரியக் குடும்பத்தவர். ரிகிடோசானின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு வானொலியில் கொரியப் பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தாராம். நாடே கொண்டாடிய வீரர். தம் வீட்டுக்குள்ளேயே தாழ்ப்பாள் போட வேண்டியிருந்தது.

1963 ஜனவரியில் தென்கொரியா சென்று வந்தார். பிறந்த ஊரோ எல்லைக்கு அப்பால் வடகொரியாவில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, டோக்கியோ அகாசாகாவில் ஒரு கேளிக்கை விடுதியில் ஏற்பட்ட தகராறில் ஒருவன் அவர் வயிற்றில் கத்தியைப் பாய்ச்சினான். டிசம்பர் 15ஆம் நாள் இறந்தார். வயது 39. இகெகாமி ஹொன்மோன்ஜி கோயில் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கைகளைக் கட்டியபடி மார்பளவுச் சிலை ஒன்றும் உண்டு. அவர் ஓமுராவில் பிறந்தவரல்லர் என்பதை ஜப்பானிய மக்களில் பெரும்பாலோர் அறிந்தபோது அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.