திரிகால மணி வரைந்த மிலே



வீடு மந்திரிக்கப் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கவனிப்பது என் வழக்கம். திரு இருதய ஆண்டவர், சகாயமாதா, அர்ச். அந்தோனியார் இவர்களுக்கு நடுவே, பழைய நாள்காட்டியிலிருந்து கத்தரித்துக் கண்ணாடி போட்ட ஒரு படத்தையும் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்தி நேரம். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு குடியானவனும் ஒரு பெண்ணும் தலை குனிந்து நிற்கிறார்கள். அவன் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டான். அவள் கைகளைக் குவித்திருக்கிறாள். கிழங்கு கிளறும் முட்கருவி மண்ணில் குத்தி நிற்கிறது. கூடையும், மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியும் கிடக்கின்றன. தூரத்தில் ஒரு கோவில் கோபுரம். திரிகால மணி அடித்துவிட்டது என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வோம்.

இதை வரைந்தவர் யார் என்று ஒரு வீட்டில் கேட்டதற்கு, யாரோ ஒரு சந்நியாசியாக இருக்கும் சுவாமி என்று ஒரு பெரியவர் பதில் சொன்னார். சந்நியாசியல்ல. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, ரொட்டிக் கடைக்காரனுக்குக் கடன் பட்டு, படம் விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் பல வருடம் உழைத்த சம்சாரி அவர். பெயர் ழான் பிரான்சுவா மிலே.

அவர் 1814-ம் வருடம் அக்டோபர் 4-ந் தேதி, பிரான்சு தேசத்தின் நார்மந்திக் கடற்கரையில், குருஷி என்னும் சிற்றூரில் பிறந்தார். பயிர்த்தொழில் செய்த குடும்பம். தகப்பனார் கோவில் பாடகர் குழுவை நடத்தியவர். தாய் வயலுக்குப் போய்விடுவதால் பிள்ளையை வளர்த்தது பாட்டியார். அந்த அம்மாளே அவருக்கு ஞானத்தாயும்கூட. பாட்டனாரின் சகோதரர் ஒருவர் குருவானவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமைகளைக் கண்டு தப்பி வந்த அவர், பூசை முடிந்ததும் வயலில் இறங்கி மற்றவர்களோடு வேலை செய்வாராம். பையன் பங்குக் குருக்களிடம் லத்தீன் படித்தான். வேதாகமத்தையும் விர்ஜில் என்னும் உரோமைக் கவியையும் அந்த மொழியிலேயே வாசிக்கக் கற்றான். கலப்பை பிடித்த கைக்கு லத்தீன் எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. இதை நம் பெற்றோர் சிலர் கவனிக்கவேண்டும்.

மூத்த மகனாகையால் இருபது வயது மட்டும் உழுதார், அறுத்தார், எரு சுமந்தார். ஒருநாள் பூசையிலிருந்து முதுகு வளைந்து திரும்பிய ஒரு கிழவரைக் கரித்துண்டால் அவர் வரைந்ததைக் கண்டு, தகப்பனாரே அவரை ஷெர்பூர் பட்டணத்து ஓவியரிடம் கூட்டிக்கொண்டு போனார். 1835-ல் தகப்பனார் இறந்தபோது படிப்பை விட்டு நிலத்துக்குத் திரும்பினார். பாட்டியார்தான் அவரை மறுபடியும் சித்திரத் தொழிலுக்குப் போகும்படி செய்தார். 1837-ல் ஷெர்பூர் நகரசபையின் உதவித்தொகையோடு பாரீசுக்குப் போனார். இரண்டு வருடத்தில் அந்த உதவி நின்றது. அதன் பிறகு அவருக்கு மாதச் சம்பளம் தருவாரும் இல்லை, ஆதரிக்கும் பிரபுவும் இல்லை. சொந்தக் கையை நம்பிப் பிழைக்கவேண்டியதாயிற்று.

அந்தப் பத்து வருடத்தைப் பற்றி விரிவாய்ச் சொல்ல மனமில்லை. சில்லறைக் காசுக்கு மாலுமிகளின் முகத்தை எழுதினார். கடைகளுக்கும் ஒரு மருத்துவச்சிக்கும் பெயர்ப்பலகை எழுதினார். ஒரு ஜோடி செருப்புக்கு ஆறு சித்திரங்களைக் கொடுத்ததாக அவர் நண்பர் சான்சியே எழுதி வைத்திருக்கிறார். விலைபோகும் என்பதற்காகக் குளிக்கும் பெண்களின் படங்களையும் வரைந்தார். பின்னால் அதை அடியோடு விட்டுவிட்டார். 1841-ல் மணந்த மனைவி போலின் 1844-ல் க்ஷயரோகத்தால் இறந்தாள். பிறகு ஷெர்பூரில் கத்தரீன் லெமேர் என்ற ஏழைப் பெண்ணைச் சந்தித்து அவளோடு குடித்தனம் செய்யலானார். 1853-ல் சர்க்கார் பதிவு மட்டும் நடந்தது. கோவிலில் மெய்விவாகம் நடக்கவில்லை. இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

1848-ல் தானியம் புடைக்கும் குடியானவன் ஒருவனின் படத்தை 500 பிராங்குக்கு விற்றார். அடுத்த வருடம் பாரீசில் பேதி நோய் பரவியது. அவரும் ஷாக் என்ற ஓவியரும் தங்கள் குடும்பங்களை அழைத்துக்கொண்டு, போந்தென்புளோ காட்டின் ஓரத்தில் உள்ள பார்பிசோன் என்ற குக்கிராமத்துக்குப் போனார்கள். சாகும் மட்டும், ஏறக்குறைய இருபத்தாறு வருடம், மிலே அங்கேயே வாழ்ந்தார்.

அங்கே அவர் நாள் எப்படிக் கழிந்தது? காலையில் மரக்கட்டைச் செருப்பும் வைக்கோல் தொப்பியுமாகத் தோட்டத்தில் இறங்கி மண்ணைக் கொத்துவார், காய்கறி பயிரிடுவார். வீட்டுக்கு வேண்டியது அதிலிருந்து வரவேண்டும். மத்தியானத்துக்குப் பின் வேலைக்கூடத்தில் புகுந்தால் வெளிச்சம் மங்கும் மட்டும் தூரிகையைக் கீழே வைக்கமாட்டார். அந்தக் கூடம் ஒரு தானியக் களஞ்சியம் போன்றது. அக்கால ஓவியர் பலர் சாயப் பெட்டியும் கித்தானுமாய் வயல் வெளிக்கே போய் உட்கார்ந்து வரைந்தார்கள். மிலே அப்படிச் செய்யவில்லை. காட்டிலும் கழனியிலும் நடப்பார், நின்று பார்ப்பார், ஒரு சிறு தாளில் நாலு கோடு கிறுக்குவார்; மற்றதெல்லாம் மனதில் சேர்த்து வைத்து வந்து வரைவார். வெயிலில் வெளுத்த நீலச் சட்டைகளும் தலைக்குட்டைகளும் கூடத்தில் தொங்கும். புது நீலத்தைவிட வெளுத்த நீலம் அவருக்குப் பிரியம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அவருக்கு முன் அசையாமல் நின்றவர்களில் கத்தரீனும் ஒருத்தி.

இரவில் விளக்கடியில் மனைவி தைப்பாள். அவர் கரியால் சித்திரம் எழுதுவார், அல்லது வேதாகமத்தை வாசிப்பார். கொடிய தலைவலி அவருக்கு அடிக்கடி வரும். வந்தால் சில நாள் கூடத்துக்கே போக முடியாது. தினக் கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வீடு எப்படியிருக்குமோ அப்படித்தான் அப்போது அந்த வீடும். கித்தானுக்கும் முடை. 1848-ல் பெரிய ஆசையோடு வரைந்த பாபிலோன் சிறையிருப்புப் படத்தை யாரும் வாங்காமற்போகவே, பல வருடம் கழித்து அதன்மேலேயே ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணை வரைந்துவிட்டார். அமெரிக்காவில் பாஸ்டன் காட்சிசாலையில் இருக்கும் அந்தப் படத்தை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தபோது அடியில் பழைய படம் தெரியவந்தது.

பார்பிசோனில் அவருக்கு வாய்த்த பெரும் பாக்கியம் தெயோதோர் ரூசோ என்னும் அயல்வீட்டு ஓவியர். 1855-ல் மிலே, தகப்பன் மரத்துக்கு ஒட்டுக் கட்ட, தாய் குழந்தையை ஏந்தி நிற்கும் ஒரு படம் வரைந்தார். அதை வாங்க ஓர் அமெரிக்கர் வந்திருக்கிறார் என்று ரூசோ சொல்லி 4,000 பிராங்கு கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்கர் யாரும் இல்லை. பணம் ரூசோவுடையது. நேரே கொடுத்தால் நண்பன் மனம் நோகுமே என்று செய்த தந்திரம். ஒரு பொய்யைப் பங்குப் பத்திரிகையில் புகழக்கூடாதுதான். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

பாட்டியார் 1851-லும் தாயார் 1853-லும் இறந்தார்கள். வழிச்செலவுக்கு வகையின்றி இருவரையும் கடைசியாய்ப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு சொத்துப் பிரிக்கப் போனவர், குருவாயிருந்த அந்தப் பெரியவரின் புத்தகங்களையும் ஒரு பழைய மர அலமாரியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை உடன்பிறந்தார்க்கு விட்டுவிட்டார்.

அறுத்த வயலில் மூன்று பெண்கள் கதிர் பொறுக்கும் படம் 1857-ல் காட்சிக்கு வந்தது. ரூத்தம்மாளின் சரித்திரம் அறிந்த நமக்கு அதில் என்ன குற்றம் தெரியும்? பாரீஸ் பத்திரிகைக்காரர் சிலரோ, ஏழைகளைக் கிளப்பிவிடுகிறான் என்று தூற்றினார்கள். 3,000 பிராங்குக்கு அது விற்றது.

அதே காலத்தில்தான் நம் நாள்காட்டிப் படமும் உருவானது. ஆப்பிள்டன் என்ற அமெரிக்கர் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்; ஆனால் வாங்கிக்கொள்ள வரவேயில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி மட்டும் உள்ள நீளத்தைவிடச் சற்றுப் பெரிய படம், அவ்வளவுதான். அதில் தெரியும் கோபுரம் ஷாயி என்னும் ஊரின் கோவில். பார்பிசோனில் அப்போது கோவில் கிடையாது. ஆனால் மிலேயின் மனதில் அடித்த மணி அந்தக் கோவிலுடையது மட்டுமல்ல. சிறுவயதில் வயலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மணிச்சத்தம் கேட்டால், பாட்டியார் எல்லோரையும் வேலையை நிறுத்தச் செய்து, மரித்த ஏழை ஆத்துமங்களுக்காகத் திரிகால செபம் சொல்ல வைப்பாராம். அதை நினைத்துத்தான் வரைந்தேன் என்று 1865-ல் மிலேயே தெரிவித்திருக்கிறார். பக்திப் படம் விற்கும் என்று எண்ணி வரைந்ததல்ல. அவர் கோவிலுக்கு ஒழுங்காய்ப் போகிறவருமல்ல. கடைசியாய்ப் பார்க்க முடியாமற்போன ஒரு கிழவியின் ஞாபகம் அது.

அந்தப் படம் 1860-ல் 1,000 பிராங்குக்குப் போயிற்று. அதே வருடம் இரு வியாபாரிகளோடு உடன்படிக்கை செய்தார். மூன்று வருடத்தில் 25 படம் கொடுக்கவேண்டும்; மாதம் 1,000 பிராங்கு கிடைக்கும். கணக்குப் பார்த்தால் படம் ஒன்றுக்கு 1,440 பிராங்கு விழுகிறது. கெடுபிடியான உடன்படிக்கைதான்; ஆயினும் மாதம் பிறந்தால் இவ்வளவு வரும் என்று அந்த வீட்டில் தெரிந்தது அப்போதுதான். சான்சியே தம் நூலில் மிலேயின் வறுமையைச் சற்று மிகைப்படுத்தினார் என்று பிற்காலத்தார் காட்டியிருக்கிறார்கள். அது சரியே. 1860-க்குப் பின் அவர் பஞ்சைப் பராரியாய் இருந்ததில்லை. 1867-ல் பாரீஸ் பொருட்காட்சியில் அவருடைய ஒன்பது படங்கள் வைக்கப்பட்டன. மறு வருடம் அரசாங்கப் பட்டமும் வந்தது. ஆனால் அந்த 1867-ம் வருடம் டிசம்பரிலே ரூசோ இறந்தார். மிலே அருகில் இருந்தார்.

1874-ல், பாரீசில் அர்ச். ஜெனவியேவ் அம்மாள் கோவிலின் சுவரில் அந்தப் புனிதையின் சரித்திரத்தை வரையும்படி அரசாங்கம் அவரைக் கேட்டது. சில மாதிரிச் சித்திரங்கள் எழுதியதோடு உடம்பு விழுந்துவிட்டது.

1875-ம் வருடம் ஜனவரி 3-ந் தேதி, படுக்கையிலிருந்தவருக்கும் கத்தரீனுக்கும் திருச்சபை முறைப்படி மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானம் நிறைவேறிற்று. கூடி வாழத் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருந்தது. பதினேழு நாள் கழித்து, ஜனவரி 20-ந் தேதி, அவர் இறந்தார். இத்தனை வருடம் ஏன் தாமதித்தார் என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆயினும் நம் பங்கிலும் இப்படி இழுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் உண்டு. அவர்களை நான் அறிவேன், அவர்களும் என்னை அறிவார்கள். ஷாயி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ரூசோவின் பக்கத்தில் மிலேயை அடக்கம் செய்தார்கள்.

கொரோ என்னும் முதிய ஓவியர், தாமும் வியாதியாயிருந்த நிலையில், விதவைக்கும் பிள்ளைகளுக்கும் 10,000 பிராங்கு அனுப்பினார். அடுத்த மாதமே அவரும் இறந்தார்.

திரிகால மணிச் சித்திரமோ கைமாறிக்கொண்டே போயிற்று. 1889-ல் பாரீசில் நடந்த ஏலத்தில் பிரான்சுக்கென்று 5,53,000 பிராங்குக்குக் கேட்டார்கள். பாராளுமன்றம் பணம் ஒதுக்காததால் படம் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகக் காட்டப்பட்டது. மறு வருடம் ஷோஷார் என்ற பிரெஞ்சு வியாபாரி அதைவிடப் பெருந்தொகை கொடுத்து மீட்டார். அவர் எழுதிவைத்த சாசனத்தின்படி லூவர் மாளிகைக்கு வந்தது. 1986 முதல் ஓர்ஸே காட்சிசாலையில் இருக்கிறது.

அந்த ஏலம் நடந்தபோது கத்தரீன் உயிரோடிருந்தாள். அந்த ஐந்தரை லட்சத்தில் அவளுக்கு ஒரு பிராங்கும் சட்டப்படி சேரவில்லை. விற்றவனுக்கு முழுவதும், வரைந்தவன் வீட்டுக்கு ஒன்றுமில்லை என்பது நியாயமா என்று பிரான்சில் எழுந்த கேள்விக்கு, இந்தப் படத்தையே பலரும் எடுத்துக் காட்டினார்கள். 1920-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, ஓவியம் மறுபடி ஏலத்தில் விற்கப்படும் ஒவ்வொரு தடவையும் விலையில் ஒரு பங்கு ஓவியனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ சேரவேண்டும். மிலே இறந்து அப்போது நாற்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.