பசிப்பிணி தீர்த்த பாவலர் வேதநாயகர்

தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் என்றே மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பலரும் அறிவர். நீதிநூல் பாடியவர், சமரசக் கீர்த்தனைகள் இயற்றியவர் என்று அறிந்தோர் அவர்களினும் குறைவு. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் பெயர் சொல்லும் பெரும் பஞ்சத்தில், பசியும் கொள்ளைநோயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மக்களை வாரிச்சென்ற வேளையில், அவர் ஆற்றிய தொண்டினை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. நோய் எங்ஙனம் தோன்றுகிறது, மக்களிடையே எங்ஙனம் பரவுகிறது என்னும் வினாவுக்கு உலகம் விடை தேடிக்கொண்டிருந்த காலமே அவர் வாழ்ந்த காலம். அவ்வினாவை அருகில் வைத்து நோக்கும்போது அவரது வாழ்வு புதியதோர் ஒளியில் தெரிகிறது.

வேதநாயகர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். குளத்தின் பெயரால் ஊர்கள் வழங்கும் வானம் பார்த்த சீமைகளில் குளமே ஊரின் உயிர். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் மாடு கழுவுவதற்கும் அந்த ஒரே நீர்தான் பயன்பட்டது. அந்நீரில் ஊரை அழிக்கும் நோயும் கரந்துறையக்கூடும் என்பதை அன்று எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

வாந்திபேதி என்னும் காலரா நோய் 1817-இல் வங்கத்தில் பெருநோயாக எழுந்து, அடுத்த ஆண்டே தமிழகத்தையும் எட்டியது. படைகள் சென்ற வழியிலும், யாத்திரிகர் நடந்த வழியிலும், வணிகர் வண்டிகள் உருண்ட வழியிலும் அது ஊர் ஊராகப் பயணம் செய்தது. வேதநாயகர் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1827 ஜூலையில், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ சுற்றுப்பயணத்தின்போது இந்நோய்க்கே இரையானார். ஆளுநர் மாளிகைக்கும் குடியானவன் குடிசைக்கும் அது வேறுபாடு பாராட்டவில்லை. தெய்வக் குற்றம் என்று ஊரார் அஞ்சினர். கெட்ட காற்றின் விளைவு என்று ஆங்கில மருத்துவருள் பலர் கருதினர். அச்சத்தால் ஊரைவிட்டு ஓடியவர்கள் தம்மையறியாமலே நோயையும் உடன் கொண்டு சென்றனர்.

இத்தகைய காலத்தில் வளர்ந்த வேதநாயகர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அந்நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அதன்பின் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் நீதி வழங்கினார். வழக்காடும் எளிய மக்களுக்குத் தீர்ப்பின் பொருள் விளங்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் பெரிது. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழில் தந்தார். 1859-இல் நீதிநூலும், 1869-இல் பெண்மதிமாலையும் வெளிவந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்பால் கொண்ட அன்பினால் குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார். பிறந்த ஊரின் பெயர் இவ்வாறு அவர் வழியே இலக்கியத்தில் நிலைபெற்றது.

பணியிலிருந்து விலகிய பின்னும் அவர் மாயூரத்தை விட்டு நீங்கவில்லை. அந்நகரின் நகரசபைத் தலைவராகவும் பொறுப்பேற்றுப் பணியாற்றினார். தெருவைத் துப்புரவாக வைத்தல், கழிவுநீரை அகற்றுதல், குடிநீரைக் காத்தல் ஆகியவை 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகரசபைகளின் கடமைகளாய் இருந்தன. ஐப்பசித் திங்களில் காவிரியின் துலாக் கட்டத்தில் நீராடப் பெருந்திரளான மக்கள் வந்து கூடும் ஊர் மாயூரம். இத்தகைய ஊரில் நீரும் கூட்டமும் நோயும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நகரப் பொறுப்பில் இருப்போர் எவரும் கண்ணாரக் காண நேரும்.

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் பயிர் கருகியது. தானிய விலை ஏறியது. காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் விளைவு முற்றும் அழியவில்லை. ஆயினும் விலையேற்றம் அங்கும் ஏழைகளைப் பட்டினியில் தள்ளியது. வெளியூர்களிலிருந்து சோறு தேடி நடந்துவந்தோர் கூட்டம் டெல்டா நகரங்களின் தெருக்களை நிறைத்தது. பஞ்சத்தின் கொடுமை மூன்று ஆண்டுகள் நீடித்தது. தென்னிந்தியாவில் மாண்டோர் தொகை பல இலட்சம்.

அவர்களுள் வெறும் பசியால் மாண்டோரினும் பசியைத் தொடர்ந்து வந்த நோயால் மாண்டோர் பலர். சென்னை மாகாணத்தில் 1877-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் வாந்திபேதிக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் பலியாயினர். இதன் காரணத்தை இன்றைய மருத்துவ அறிவு தெளிவாக விளக்குகிறது. நெடுநாள் உணவின்றி நலிந்த உடலில் இரைப்பையின் அமிலம் குறைகிறது. உட்புகும் கிருமியை அழிக்கும் முதல் அரண் அதனால் சரிகிறது. நீர்நிலைகள் வற்றியபோது, எஞ்சிய சேற்று நீரையே பலரும் பங்கிட்டுக் குடித்தனர். வேலையும் உணவும் நாடி முகாம்களில் நெருங்கிக் கூடினர். அங்கே ஒருவர் உடலிலிருந்து வெளியேறிய கிருமி அடுத்தவர் குடிநீரில் கலப்பது எளிதாயிற்று. முகாமை விட்டு அஞ்சி ஓடியோர் அடுத்த ஊரின் குளத்தங்கரையில் தங்கினர். பின்னர் மழை பெய்தபோதும் துன்பம் ஓயவில்லை. தேங்கிய நீரில் கொசு பெருகி, மெலிந்த உடல்களை முறைக்காய்ச்சல் பற்றியது.

அரசின் நிவாரணப் பணிகளில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். கடும் உழைப்புக்கு அவ்வளவு போதாது, அது மக்களை நோய்க்கு ஒப்புக்கொடுப்பதாகும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். பசியைக் கணக்குப் பார்த்தே தீர்க்க முனைந்தால் அதன் எச்சம் நோயாகத் திரும்பும் என்பதே அவ்வாதத்தின் உட்பொருள்.

அதிகாரிகளிடையே இவ்வாதம் நடந்துகொண்டிருக்க, அரசுப் பதவியிலிருந்து முன்னரே விலகியிருந்த வேதநாயகர் தம் கைப்பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சித்தொட்டி அமைத்தார். வந்தோர் எச்சாதியார், எச்சமயத்தார் என்று வினவாமல் பசித்தோர் அனைவருக்கும் கஞ்சி வார்க்கச் செய்தார். பஞ்சத்தின் கொடுமையைக் கீர்த்தனைகளாகப் பாடி இறைவனிடம் முறையிட்டார். அதே ஊரில் வாழ்ந்த நந்தனார் சரித்திர ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்ணால் கண்டு, மனம் உருகி, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சைவ மரபில் ஊறிய முதியவர் ஒருவர் கத்தோலிக்கர் ஒருவரைப் பாடியது தமிழ் இசை வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சியாகும். இதற்குப் பத்தாண்டு முன்னர், 1867-இல், வள்ளலார் வடலூரில் ஏற்றிய அடுப்பும் இங்கு நினைவுக்கு வருகிறது. பசியைப் பிணி என்றே பெயரிட்டழைத்த மணிமேகலையின் மரபு இவ்விருவரிடமும் தொடர்ந்தது.

அன்னதானம் செய்யும் இடமும் கூட்டம் கூடும் இடமே. கூட்டம் கூடுமிடத்தில் நோய் பரவும் என்பது உண்மை. எனினும், கொதிக்க வைத்த கஞ்சி, சேற்று நீரைப் போல் கிருமியைச் சுமந்து வருவதில்லை. பட்டினி கிடந்த உடலுக்கு அது நோயைத் தாங்கும் வலிமையையும் தருகிறது. நோய் முற்றிய பின் தரும் மருந்தினும் நோய் புகுமுன் வார்க்கும் கஞ்சி பல உயிர்களைக் காக்கும். பிற்கால ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. வாந்திபேதியில் உடல் இழக்கும் நீரை ஈடுசெய்ய, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர் போதும் என்பது 1971-இல் வங்க அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மகலனாபிசின் பணியால் உறுதிப்பட்டது. சர்க்கரைக்கு மாற்றாக அரிசி மாவைக் கொண்டு காய்ச்சிய கரைசலும் அதே பயன் தரும் என்று பின்னர்க் கண்டனர். அளவாய் உப்பிட்ட கஞ்சிக்கு மிக நெருங்கிய உறவு அது.

பஞ்சம் தணிந்த மறுஆண்டு, 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. சாவின் ஓலம் ஓய்ந்த வேளையில் நகைச்சுவை ததும்பும் நெடுங்கதையைத் தமிழர் கையில் கொடுத்தார் வேதநாயகர். 1887-இல் சுகுணசுந்தரியும் வந்தது.

இதற்கிடையே உலகம் தேடிய விடையும் கிடைத்தது. வாந்திபேதி நீரின் வழியே பரவுகிறது என்று லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854-இல் ஒரு தெருக்குழாயைச் சுட்டிக்காட்டி நிறுவியும் பலர் ஏற்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து 1884-இல் நோயுற்றோர் உடலில் அக்கிருமியைக் கண்டார். மக்கள் குடித்தும் குளித்தும் வந்த ஒரு குளத்து நீரிலும் அதனைக் கண்டார். குளத்தூரில் பிறந்த வேதநாயகர் அவ்வுண்மை வெளிப்பட்ட ஐந்தாம் ஆண்டு, 1889 ஜூலை 21-ஆம் நாள், மாயூரத்தில் மறைந்தார்.

கிருமியின் வடிவம் அறியப்படுவதற்கு முன்பே, நோயின் வேர் பசியிலும் ஆதரவற்ற அலைச்சலிலும் இருப்பதை உணர்ந்தவராக அவர் செயற்பட்டார். 2020-இல் பெருந்தொற்றின்போது வேலையிழந்த தொழிலாளர் ஊர் நோக்கிப் பல நூறு கல் நடந்த காட்சி, அவ்வேர் இன்னும் பட்டுப்போகவில்லை என்பதைக் காட்டியது. அந்நாளிலும் வழியோரங்களில் சோறு சமைத்து நின்றோர் வேதநாயகரின் வழித்தோன்றல்களே ஆவர். அவர் பாடிய நூல்களைப் போற்றும் தமிழ்க் கவிஞர்கள், அவர் வைத்த கஞ்சித்தொட்டியையும் அவருடைய படைப்புகளுள் ஒன்றாக எண்ணிப் போற்றுதல் தகும்.